மைதானத்துக்கு முதுகு காட்டியவர்

ஒரு நடுத்தர ஊரால் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணியைத் தாங்க முடியுமா என்ற கேள்வியைப் பெரிய படிப்பாளிகள் எல்லாம் ஆராய்ந்திருக்கிறார்கள். அந்த ஊரில் அந்தக் கேள்வியை மொத்தமாகத் தன் தலையில் ஏற்றிக்கொண்டவர் தொப்பிக்காரர். அவர் படிப்பாளி இல்லை. கூட்டம் சேர்த்துக் கொடுப்பவர்.

தேர்தல் கூட்டமா, கடைத் திறப்பு விழாவா, மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஆள் மெலிந்து தெரிகிற கல்யாணமா, அவர் காதில் ஒரு வார்த்தை போட்டால் போதும். சொன்ன நேரத்துக்கு லாரியில் ஆட்கள் வந்து இறங்குவார்கள். ஓய்வுபெற்ற அதிகாரிகளின் கவிதை நூல் வெளியீட்டுக்கு மட்டும் இரட்டைக் கூலி. உயிருக்கு ஆபத்தான வேலை என்று வாதாடி வாங்கிவிடுவார். வந்து உட்கார்ந்து பல்லைக் குத்திவிட்டுப் போகிற கூட்டம் இல்லை அது. பழக்கப்பட்ட கூட்டம். அவருடைய நீலத் தொப்பியைக் கழற்றினால் கைதட்ட வேண்டும். கழற்றிச் சுழற்றினால் ஆரவாரம். நெஞ்சில் வைத்தால் கண்ணீர். கண்ணீருக்கென்றே பின்னல் ஆலையில் வேலை போன ஒரு அம்மாள் இருந்தாள். தொப்பி நெஞ்சைத் தொடுவதற்குள் பொலபொலவென்று கொட்டிவிடும். அவளைக் குழாயக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள்.

இந்தத் தொழிலில் ஒரே ஒரு சட்டம் உண்டு. கூட்டத்துக்கு முதுகைக் காட்டக் கூடாது. ஒருமுறை நகைக்கடைத் திறப்பு விழாவில், வந்த நடிகை எப்படித்தான் இருக்கிறாள் பார்ப்போமே என்று தொப்பிக்காரர் லேசாகத் திரும்பினார். மறுபடி இந்தப் பக்கம் பார்த்தபோது பாதிக் கூட்டம் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு பின்வாசல் வழியே காற்றாய்ப் பறந்திருந்தது. அன்றோடு சரி. அதன்பிறகு முதல் வரிசைக்கு முன்னால் ஒரு முக்காலி போட்டு, மேடைக்கு முதுகையும் கூட்டத்துக்கு முகத்தையும் காட்டி உட்கார்ந்துவிடுவார். ஊரில் நடந்த எல்லா நிகழ்ச்சிக்கும் போனவர், எதையும் பார்க்காதவர்.

ஊரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பெரிய ஊர் என்றால் பெரிய ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சின்ன ஊர் என்றால் உள்ளூர்க்காரர்கள் அடிக்க வருவார்கள். இரண்டு மேம்பாலம் முழுதாகவும் ஒன்று பாதியாகவும் இருந்தது. அப்பேர்ப்பட்ட ஊருக்குக் கால்பந்து அணி இல்லாதது பெரிய அவமானம் என்று மெத்தை முதலாளிக்குத் திடீரென்று தோன்றிவிட்டது. 'தூங்கிக் கிடக்கும் ஊரைத் தட்டி எழுப்பப் போகிறேன்' என்று பேட்டி கொடுத்தார். தலைமுறை தலைமுறையாக மெத்தை விற்று ஊரைப் படுக்கவைத்ததே அவர் குடும்பம்தான் என்பதை எந்த நிருபரும் கிளறவில்லை. ஆய்வு நிறுவனம் ஒன்று வீடு வீடாகப் போய், 'உங்கள் ஊருக்குக் கால்பந்து அணி வேண்டுமா?' என்று கேட்டது. வேண்டும் என்று சொல்லக் காசா பணமா? எல்லோரும் வேண்டும் என்றார்கள். 'நீங்கள் போய்ப் பார்ப்பீர்களா?' என்ற கேள்வி ஆய்வாளர்களின் படிப்பில் வரவில்லை போலிருக்கிறது.

வெளியூரிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்களை இறக்கிவிட்டு, மண்ணின் மைந்தன் என்று காட்ட உள்ளூர்க்காரன் ஒருவனையும் சேர்த்தார்கள். அவன் தொப்பிக்காரரின் மகன். பகலில் தரை ஓடு கிடங்கில் சுமை தூக்கி, சாயங்காலம் பந்தோடு மல்லுக்கட்டி வளர்ந்த பின்கள ஆட்டக்காரன். அவனைத் தாண்டிப் பந்து போவது கஷ்டம் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

முதல் ஆட்டத்தன்று வேறு இடத்துக்குக் கூட்டம் சேர்த்துத் தருவதாகத் தொப்பிக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். அவர் மனைவி, வீட்டில் பள்ளிச் சீருடை தைப்பவள், மிஷினை நிறுத்திவிட்டுப் போய் வந்தாள்.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"நல்லா காத்தோட்டமா இருந்துச்சு" என்றாள். "போலீஸ்காரங்களையும் சேத்தா ஒரு மினி பஸ் நிறையும்."

மறுநாளே அணியின் மேலாளர் வீடு தேடி வந்தார். கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு, தைத்த சீருடைக் குவியலுக்கு நடுவே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சங்கதி இதுதான்: இது பரீட்சார்த்த வருடம். நடுவில் ஒருநாள் கால்பந்துச் சம்மேளனத்திலிருந்து பார்வையாளர்கள் வந்து கூட்டத்தை எடைபோடுவார்கள். இருக்கைகள் நிறைந்திருந்தால் அணிக்குப் போட்டித் தொடரில் நிரந்தர இடம். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"உங்க பையனுக்கு மூணு வருஷ ஒப்பந்தம் தயாரா இருக்குண்ணே. ஆனா அணி இருந்தாத்தானே ஒப்பந்தம்?"

தொப்பிக்காரர் தொழில்முறையில் விசாரித்தார். "நடுவுல யாராச்சும் பேசுவாங்களா?"

"யாரும் பேச மாட்டாங்க."

"முழு நிகழ்ச்சியிலயுமா?" அவருக்கு முகமே மலர்ந்துவிட்டது. "இப்படி ஒரு நல்ல விஷயம் இருக்கறதே தெரியாம போச்சே. சரி, கைதட்டு எங்க வரும்?"

"கோல் விழுந்தா."

"அது எத்தனை மணிக்கு விழும்?"

மேலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மிஷினுக்குப் பின்னாலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"பெத்த பையன் ஆட்டத்துக்காச்சும் நாலு பேரைப் போல டிக்கெட் எடுத்து உக்காந்து பாக்கக் கூடாதா?"

"நான் உக்காந்துட்டா அப்புறம் ஆட்டமே இருக்காதுடி."

"எனக்கென்ன. அவன்தான் கேட்டுட்டே இருக்கான், அப்பா எப்ப வருவாருன்னு."

"ஒப்பந்தத்துல கையெழுத்து விழட்டும். அப்புறம் பாரு, ஒரு ஆட்டம் விடாம உக்காந்து பாக்கறேன்."

அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை. மகன் அதே ஊரில், அதே மைதானத்தில் நிரந்தரமாக ஆட வேண்டும். தான் ஒருநாள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவருக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

அடுத்த ஆட்டத்துக்கு லாரிகள் வந்தன. தொலைக்காட்சிக் கேமராவுக்கு எதிரே இருந்த பக்கம் மட்டும் நிரம்பி வழிந்தது. தொப்பிக்காரர் முக்காலியைப் போட்டு மைதானத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். கோல் எப்போது விழும் என்று முதுகுக்குத் தெரியாது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். நடுவர் விசில் ஊதுகிறார் அல்லவா? ஏதோ முக்கியமாக நடந்தால்தானே ஊதுவார்? ஆகவே விசில் கேட்டால் தொப்பியைக் கழற்றுவது.

அன்று கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஆஃப்சைடுக்குக் கைதட்டினார்கள். பந்து கையில் பட்டதற்குத் தட்டினார்கள். எதிரணி கோல் போட்டபோது நடுவர் நீளமாக ஊதிவிட்டதால் தொப்பி சுழன்றது. கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. கோல் போட்டவன் மிரண்டுபோய், தப்பான பக்கம் அடித்துவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்தான். கடைசியில் மகனையே ஒருவன் முட்டியில் உதைத்துத் தள்ளினான். அவன் புல்லில் சுருண்டு கிடக்க, விசில் கேட்டது. சொந்த ஊர் அவனுக்கு ஓயாமல் கைதட்டியது.

வீட்டில் முட்டிக்கு ஐஸ் வைத்துக்கொண்டே கேட்டான். "கால் ஒடிஞ்சு கெடக்கறப்ப கைதட்டறாங்களேப்பா. ஊருக்கு என்னைப் பிடிக்கலையா?"

"அதெல்லாம் நம்ம ஆளுங்கடா. பிடிக்கும் பிடிக்காதுன்னெல்லாம் அவங்களுக்குக் கெடையாது."

ஆறுதலாகச் சொன்னதாகத்தான் அவர் நினைத்தார். மகன் ஐஸ் பையை மறு முட்டிக்கு மாற்றிக்கொண்டான். அந்த முட்டியில் அடி படவில்லை.

பத்திரிகைகள் விஷயத்தை வேறு விதமாகப் புரிந்துகொண்டன. 'எதிரணியையும் மனம் திறந்து பாராட்டும் பண்பட்ட ரசிகர்கள்' என்று தலையங்கம் வந்தது. வெளியூர் அணிகள் இங்கே ஆட ஆசைப்பட்டன. நடுவர்கள் சங்கம், தங்கள் ஒவ்வொரு தீர்ப்பையும் மதிக்கும் ஒரே ஊர் என்று நன்றிக் கடிதமே அனுப்பியது.

ஆனால் கூட்டம் கெட்டுப்போகத் தொடங்கியது. தொப்பிக்காரருக்கு அது முகங்களில்தான் தெரிந்தது. கொட்டாவி குறைந்தது. பொட்டலத்தைப் பிரிக்க மறந்துபோய் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். தொப்பியைப் பார்க்க வேண்டிய கண்கள் அவர் தலைக்கு மேலே எங்கோ இடமும் வலமும் ஓடின. பெரிய ஒழுங்கீனமாக அவருக்குப் பட்டது. அதிலும் குழாயக்கா இருக்கிறாளே, ஒருநாள் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டாள்.

"யோவ் நடுவரய்யா, கண்ணை வீட்டுல கழட்டி வெச்சுட்டு வந்தியா? அது நம்ம பந்துய்யா!"

தொப்பி தலையில்தான் இருந்தது. தொப்பிக்காரர் முக்காலியிலிருந்து எழுந்தார்.

"யாரு கத்தச் சொன்னா?"

"யாரும் சொல்லலண்ணே. தானா வந்துருச்சு."

"தானா வர்றதுக்கு நான் எதுக்கு?"

"ஐயோ, அத விடுங்க! திரும்பிப் பாருங்கண்ணே, ஒங்க பையன் கோட்டுகிட்ட போன பந்த எப்படி..."

"என் பையன் என்ன பண்றான்னு நீ சொல்லி எனக்குத் தெரிய வேண்டாம். நாளையிலேருந்து நீ வராத."

"அண்ணே, கூலி வேணாம்னா குடுக்காதீங்க. நான் பாட்டுக்கு ஒரு மூலையில..."

"கூலி வாங்காத ஆளை நான் எப்படி அடக்கறது?" என்றார். தொழில் தெரிந்தவரின் கேள்வி.

அவளோடு சேர்த்து, தொப்பி அசைவதற்கு முன்னால் கத்தியவர்கள், ஆட்டம் முடிந்த பிறகும் லாரியில் ஏறாமல் நின்று பேசிக்கொண்டிருந்தவர்கள், ஆட்டக்காரர்களின் பெயர் தெரிந்துவைத்திருந்தவர்கள் என்று ஒருவர் விடாமல் களையெடுத்தார். அந்த இடங்களுக்குச் சொன்ன பேச்சுக் கேட்கிற ஆட்களைப் போட்டார். சம்மேளனப் பார்வையாளர்கள் வந்த நாளில் கூட்டம் ராணுவம்போல் நடந்துகொண்டது. 'இந்த ஊரின் கால்பந்துப் பற்று ஐயத்துக்கு இடமில்லாதது' என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டுப் போனார்கள். அணிக்கு நிரந்தர இடம் கிடைத்தது.

தொப்பிக்காரர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு மகனின் ஒப்பந்தத்துக்காக மெத்தை முதலாளியின் அறைக்குப் போனார். முதலாளி அவரைத் தன் கம்பெனியின் ஆக விலையுயர்ந்த மெத்தை நாற்காலியில் உட்காரவைத்தார். அதில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது லேசில்லை.

"பாருங்க, சம்மேளனமே சொல்லிடுச்சு, நம்ம ஊருக்குப் பந்துன்னா உசுருன்னு. இவ்வளவு ரசிகர்கள் இருக்கற ஊர்ல கூலிக்கு ஆள் வைக்கறது ரசிகர்களை அவமானப்படுத்தற மாதிரி இல்ல?"

"ஐயா, அந்த ரசிகர்களே நம்ம..."

"இனிமே டிக்கெட்தான். டிக்கெட் வித்தா ஒப்பந்தம். உங்க பையனுக்குத்தான் மொதல் கையெழுத்து."

சொந்தப் பொய்யை இவ்வளவு சுத்தமாக நம்பக்கூடிய ஆளைத் தொப்பிக்காரர் தன் அனுபவத்தில் பார்த்ததில்லை. அத்தனை தேர்தல் பார்த்தவர் அவர்.

தன் ஆட்களிடம் போனார். லாரி நிற்கிற இடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அதைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"டிக்கெட் எடுத்து வரணுமா?" என்று சிரித்தார் ஒரு பெரியவர். "ஏம்பா, காசு குடுத்து எவனாச்சும் வேலைக்குப் போவானா?"

"வேலைன்னு நெனைக்காதீங்க. ஆட்டம்னு நெனைங்க."

"நெனைக்கலாம். ஆனா லீவு நாள்ல அந்த பெஞ்சப் பாத்தாலே முதுகு வலிக்குதுப்பா."

கூலிக்கு வராத ஊர்க்காரர்களாவது வருவார்களா என்று முடிவெட்டும் கடையில் நூல் விட்டுப் பார்த்தார். கடைக்காரர் கத்தரியை நிறுத்தாமல் சொன்னார். "நல்ல ஆட்டம்னுதான் கேள்வி. ஆனா அங்க உக்காந்தா நம்மளயும் டிவியில காட்டுவான். லாரியில வந்தவன்னு நாலு பேரு நெனைச்சுட்டா? பொண்ணுக்கு வேற மாப்பிள்ளை பாக்கறோம்."

கடைசியில் குழாயக்காவைத் தேடிப் போனார். அவள் இப்போது ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஆவிக்கு நடுவே போர்வைகளை மடித்துக்கொண்டே அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"ஆட்டம் நடக்கற நாள்லதாண்ணே எனக்கு டூட்டி. நீங்க வராதன்னீங்க, நான் வேற வேலை பாத்துக்கிட்டேன்."

"மத்தவங்க? உன்னோட கத்துனவங்க?"

"ஆளுக்கொரு பக்கம் போயாச்சு." ஒரு போர்வையின் மறுமுனையை அவர் கையில் கொடுத்தாள். இருவருமாகப் பிடித்து மடித்தார்கள். "ஒங்க பையன் பதறவே மாட்டான்ல? எதிராளு பறந்து வருவான். இவன் பஸ்ஸுக்கு நிக்கற மாதிரி நிப்பான். கடைசி நிமிஷத்துல ஒரு கால் மட்டும் நீளும், பந்து இவன்கிட்ட இருக்கும். அந்தாளு வெறுங்கால வெச்சுக்கிட்டு முழிப்பான். எனக்கு அப்படி ஒரு சிரிப்பு வரும்."

தொப்பிக்காரர் போர்வையைப் பிடித்தபடியே நின்றார். மகனைப் பற்றி அவருக்குக் கிடைத்த ஒரே வர்ணனை அது. அடுத்த போர்வையின் முனையையும் தானே எடுத்துப் பிடித்துக்கொண்டார்.

மீதி ஆட்டங்களில் மைதானம் ஈ ஓட்டியது. முக்காலி தேவைப்படவில்லை, திரும்பி உட்கார்ந்து தாராளமாகப் பார்த்திருக்கலாம். ஆனால் அவர் உள்ளேயே இல்லை. பஸ் நிலையத்துக்கும் மைதான வாசலுக்கும் நடுவில் ஓடி, போகிற வருகிறவர்களின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். மெத்தை முதலாளி அணியை வேறொரு ஊருக்கு விலை பேசிவிட்டார். 'இந்த ஊர் கால்பந்துக்குத் தகுதியற்றது' என்று, பண்பட்ட ரசிகர்களைப் பாராட்டிய அதே பத்திரிகை அதே பக்கத்தில் எழுதியது.

மேலாளர் மறுபடி வந்தார். இம்முறை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கடைசியா ஒரு வேலை இருக்குண்ணே. பஸ் கெளம்பறப்ப ஊரே கூடி நின்னு அழணும். இப்படி அழற அளவுக்கு அணின்னு தெரிஞ்சாத்தான் வாங்கறவங்க சொன்ன விலைக்கு நிப்பாங்க."

"உள்ளூர்ப் பையன் அவங்களுக்குத் தேவையில்லன்னு கேள்விப்பட்டேனே?"

"அழுகை நல்லா வந்துச்சுன்னா உங்க பையனையும் சேத்துக்கறதா பேச்சு. ரசிகர்களோட செல்லப்பிள்ளைன்னு சொல்லிக்கலாம்ல?"

மனைவி மிஷினை நிறுத்தினாள். "நம்ம புள்ளைய ஊரைவிட்டு அனுப்பறதுக்கு நாமளே ஆள் வெச்சு அழணுமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு மறுபடி மிஷினை மிதித்தாள்.

லாரிகள் கடைசியாக ஒருமுறை வந்தன. தொப்பிக்காரர் பஸ்ஸுக்கு முதுகு காட்டி நின்று தொப்பியை நெஞ்சில் வைத்தார். கூட்டம் அழுதது. சலவைக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்த குழாயக்கா எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டாள். பஸ் உறுமியது. முகங்கள் எல்லாம் மெல்ல இடப்பக்கம் திரும்பின. மகன் போகிறான் என்பதை அதை வைத்துத் தெரிந்துகொண்டார். கேமரா அணைந்ததும் தொப்பியைத் தலையில் போட்டார். அழுகை நின்றது. குழாயக்கா மட்டும் தரையில் உட்கார்ந்து விக்கிக்கொண்டிருந்தாள்.

"போதும்கா. முடிஞ்சுபோச்சு."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கூலியை வாங்கினாள். எண்ணிப் பார்த்துவிட்டு, "இன்னும் போட்டுக் குடுங்கண்ணே" என்றாள்.

"எல்லாருக்கும் இதே கூலிதான்."

"அவங்க சும்மா அழுதாங்க. நான் நெசமாவே அழுதேன். அதுக்கு ரேட்டு கூட."

நியாயமான கோரிக்கையாக இருந்ததால் கொடுத்துவிட்டார்.

புது ஊரிலிருந்து மகன் ஒவ்வொரு வாரமும் தொலைபேசியில் பேசினான். மைதானம் நிரம்பி வழிகிறது என்றான்.

"யாரு கூட்டிட்டு வர்றாங்க?" என்று கேட்டார் தொப்பிக்காரர்.

"யாரும் இல்லப்பா. அவங்களா வர்றாங்க."

அவர் பரிவோடு சிரித்துக்கொண்டார். அந்த வயதில் எதையும் நம்பத் தோன்றும்.

ஒரு ஆட்டம் தொலைக்காட்சியில் வந்தது. மனைவி மிஷினுக்குத் துணி போர்த்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். தொப்பிக்காரர் நாற்காலியைத் திரைக்கு மூக்கு இடிக்கிற தூரத்துக்கு இழுத்துப் போட்டார். தொப்பி மடியில் இருந்தது. கேமரா கூட்டத்தின் மேல் ஓடியது. கிழவிகளும் கைக்குழந்தைக்காரிகளும் தொண்டை கிழியக் கத்தினார்கள். மழை தூறியது, ஒருவரும் எழுந்து ஓடவில்லை. முதல் வரிசையை அவர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அலசினார். முக்காலி இல்லை.

"அதோ! நம்ம பையன், நம்ம பையன்! பந்தப் பறிச்சுட்டான் பாருங்க!"

"இரு, இரு. அந்தாளு எங்க உக்காந்திருக்கான்னு பாக்கறேன்."

"எந்தாளு?"

"கூட்டத்தை நடத்தறவன். கெட்டிக்காரன்டி. எங்க இருக்கான்னே தெரியல. நனைஞ்சுட்டு நிக்கறாங்களே, என்ன குடுக்கறான் இவங்களுக்கு?"

மறுபடி கூட்டத்தைக் காட்டினார்கள். அவர் இன்னும் முன்னால் குனிந்தார். மழையில் நனைந்த ஒரு கிழவர் யாரையும் பார்க்காமல், எதற்கும் காத்திருக்காமல் கைதட்டிக்கொண்டிருந்தார். தொப்பிக்காரர் அந்தக் கிழவர் பார்வை போகும் இடத்தைப் பிடிக்கப் பார்த்தார். அதற்குள் படம் மாறிவிட்டது.

மனைவி எழுந்து தைக்கிற மிஷின் பக்கம் போனாள்.

"ஏன், முடிஞ்சுடுச்சா?" என்று கேட்டார்.

"ஆட்டம் நடக்குது. வேற ஆள எறக்கிட்டு அவனைத்தான் வெளிய கூப்பிட்டுட்டாங்க" என்றாள். "போறப்ப எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டுனாங்க. நீங்க பாக்கல?"